கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ, அண்ணை

உங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள்: விளையாடுகிறவர் எத்தனை போடுகிறார் என்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கூட்டச் சொல்லக் கூடாது, குறைக்கச் சொல்லக் கூடாது, இப்படியே போங்கள் என்றுகூடச் சொல்லக் கூடாது. நானும் அப்படித்தான் படித்தேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கினேன். கசினோவில் சேர்ந்து பதினோராவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நாலே நாலு சொல்லில் அந்த விதியை உடைத்தேன்.

ஓய்வு பெற்றவள்தானே, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, எல்லோரும் சிரிப்புக் கதைகளைத்தான் எதிர்பார்த்தார்கள். பல்செட்டை மெசினுக்கு மேல் மறந்துவிட்டுப் போனவர், தன் அதிர்ஷ்டக் கதிரையில் வேறொருவர் இருந்துவிட்டார் என்று பொலிசைக் கூப்பிட்டவர் என்று அப்படியும் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சாப்பாட்டு அறையில் மற்றவர்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நான் எழுதப் போவது எனக்கு இன்றைக்கும் முகம் சுடும் கதை.

அவருக்கு ஒரு பெயர் வேண்டும். தில்லை அண்ணை என்று வைத்துக் கொள்வோம். அறுபத்தெட்டு வயது இருக்கும். யாழ்ப்பாணத்து ஆள், ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பில் மனைவியோடு இருந்தார். மாதத்தில் இரண்டு செவ்வாய், அங்கிருந்து வயோதிபர்களை ஏற்றிவரும் பஸ்ஸில் வருவார். நேராக வீடியோ போக்கர் மெசின்கள் இருக்கும் வரிசைக்குப் போய்விடுவார். ஒரு நாளும் அவர் வாயிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல் வந்து நான் கேட்டதில்லை. என்னைக் கண்டால் "தங்கச்சி, சுகமே?" என்பார். அந்தப் பெரிய தளத்தில் தமிழ் பேசும் ஒரே மேற்பார்வையாளர் நான்தான்.

ஏன் வீடியோ போக்கர் என்று ஒருநாள் கேட்டேன். "பழம் சுத்துற மெசினுகளிலை மூளைக்கு என்ன வேலை? இதெண்டால் கடதாசி விளையாட்டு" என்றார். ஊரில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர். அந்த விளையாட்டில் முதல் நாலு சீட்டையும் பார்த்துவிட்டுத்தான் எவ்வளவுக்குக் கேட்பது என்று தீர்மானிப்பீர்கள். கை நல்லதென்றால் கூட்டிக் கேட்பீர்கள், சரியில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பீர்கள். வீடியோ போக்கரில் அது தலைகீழ். முதலில் காசைப் போட வேண்டும், பிறகுதான் சீட்டு முகம் காட்டும். தில்லை அண்ணைக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை மனதில் இறங்கவில்லை. முந்தின கையைப் பார்த்து அடுத்த கைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மெசினில் ஒரு கைக்கு ஒன்றிலிருந்து ஐந்து டொலர் வரை போடலாம். மற்ற எல்லாக் கைகளுக்கும் போட்டதற்கு ஏற்றபடி பரிசு சீராக ஏறும். ஒரு கைக்கு மட்டும் அப்படி ஏறாது. பத்து, ஜாக், குயீன், கிங், ஏஸ் ஐந்தும் ஒரே இனத்தில் வந்தால், ஒரு டொலர் போட்டவருக்கு இருநூற்றைம்பது, ஐந்து டொலர் போட்டவருக்கு நாலாயிரம். அட்டவணை மெசினின் நெற்றியிலேயே எழுதிக் கிடக்கிறது. அதை ஆறுதலாக வாசித்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

தில்லை அண்ணை வழக்கமாக ஒரு டொலரைத் தாண்ட மாட்டார். மெதுவாக, சீட்டுகளை உற்றுப் பார்த்து, பஸ் புறப்படும் வரை நேரத்தைக் கொண்டு போவார். அன்றைக்கு நான் அந்த வரிசையைக் கடக்கும்போது அவர் காசு போடும் விதம் சரியாக இல்லை. ஐந்து போட்டார். பிறகு ஒன்று. பிறகு மூன்று. மறுபடி ஐந்து, அடுத்து இன்னும் ஓர் ஐந்து. நீங்கள் இதைக் கவனிக்கப் பழக வேண்டும். ஒருவர் எவ்வளவு போடுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். அந்த அளவு காரணமில்லாமல் ஏறி இறங்கத் தொடங்கினால், அவர் விளையாட்டை விட்டுவிட்டு மெசினோடு சண்டைபிடிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது எனக்கு நித்திரையிலும் தெரியும். பக்கத்தில் போய் நில், சுகம் கேள், தண்ணீர் கொடு, கொஞ்சம் எழும்பி நடக்கச் சொல், அளவு மீறி விளையாடுகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பான அதிகாரிக்கு அறிவி. பாதிவரை ஒழுங்காகத்தான் செய்தேன்.

"தண்ணி ஏதும் கொண்டுவரட்டே அண்ணை?"

"தண்ணி கிடக்கட்டும். உதைப் பாரும் தங்கச்சி. ஐஞ்சு போட்டால் ஒரு சோடியும் இல்லை. ஒண்டு போட்டால் மூண்டு குயீன் வருது. என்னோடை விளையாடுது உது."

"கொஞ்சம் எழும்பி நடந்திட்டு வாங்கோவன்."

"நீர் உள்ளுக்கை வேலை செய்யிற ஆள். எங்கடை ஆள். ஒரு சொல்லுச் சொல்லும். கூட்டவோ, குறைக்கவோ?"

திரையில் மிச்சம் இருந்த காசு எனக்குத் தெரிந்தது. ஐந்து ஐந்தாகப் போட்டால் அரை மணித்தியாலம் தாங்காது. பஸ் வர இன்னும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் அவர் வெறுங்கையோடு வாசல் கதிரையில் இருக்கப் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து, மெதுவாகச் சொன்னேன்.

"கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ, அண்ணை."

அவர் தலையை ஆட்டினார். என் கண்ணுக்கு முன்னாலேயே ஒன்றுக்கு இறக்கினார். உண்மையைச் சொன்னால், நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

வரிசையின் முடிவுக்குக்கூட நான் போகவில்லை. பின்னால் மெசின் பாடியது. சிரித்துக்கொண்டு திரும்பினேன். திரையில் ஐந்து சீட்டும் கிளாவர். பத்து, ஜாக், குயீன், கிங், ஏஸ். கீழே இருநூற்றைம்பது என்று எண்கள் ஓடி நின்றன. தில்லை அண்ணை எழும்பி நின்று, அட்டவணையில் அந்த வரியை விரலால் தொட்டு, ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஐந்தாவது கட்டத்தில் விரல் நின்றது. என் சிரிப்பும் அதோடு நின்றது.

"தெரிஞ்சுதான் சொன்னனீர்!"

அந்தக் குரலுக்கு இரண்டு வரிசை தள்ளி இருந்தவர்களும் திரும்பினார்கள்.

"உம்மை நம்பினனே! எங்கடை ஆள் எண்டு நம்பினனே! வரப்போகுது எண்டு தெரிஞ்சுதான் குறைக்கப் பண்ணினனீர்!"

அண்ணை, அண்ணை என்று அவர் பக்கம் ஓடினேன். அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயர்த் தகட்டைச் சுட்டிக்காட்டிச் சுற்றியிருந்தவர்களிடம் தமிழிலேயே முறையிட்டார். காவலர்கள் வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் நாங்கள் எல்லோரும் பின்பக்கத்துச் சிறிய அறையில் இருந்தோம்.

அந்த அறையை நீங்களும் பார்ப்பீர்கள். ஒரு மேசை, நாலு கதிரை, மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஷிப்ட் மனேஜர். என்னைவிட ஏழு வயது இளையவர், ஜமெய்க்காவிலிருந்து வந்த குடும்பம், குரலை ஒருநாளும் உயர்த்தாதவர். மூலையில் ஒரு காவலர். இந்தப் பக்கம் தில்லை அண்ணை, பக்கத்தில் நான். தளத்தில் யார்மேல் குற்றம் சொல்லப்பட்டது என்று மனேஜருக்கு அதுவரை தெரியாது. காவலர்களுக்கும் தெரியாது. தமிழ்க் கிழவர் ஒருவர் சத்தம் போடுகிறார், மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண் இருக்கிறாள், அவ்வளவுதான் அவர்கள் விளங்கிக்கொண்டது.

"அவர் என்ன சொல்கிறார்? அப்படியே சொல்லுங்கள்" என்றார் மனேஜர்.

தில்லை அண்ணை மூச்சு விடாமல் சொன்னார். "உவதான் குறைச்சுப் போடச் சொன்னவ. மெசினுக்குள்ளை என்ன வரப்போகுது எண்டு உவவுக்குத் தெரியும். கொம்பனிக்குக் காசு மிச்சம் பிடிக்கத்தான் சொன்னவ, கள்ளி. எனக்கு நாலாயிரமும் வேணும்."

மனேஜர் என்னைப் பார்த்தார்.

இங்கே நின்று கொஞ்சம் யோசியுங்கள். தளத்துக் கமராக்களில் படம் இருக்கிறது, குரல் இல்லை. நான் குனிந்து ஏதோ சொன்னது தெரியும். சுகம் கேட்டேன் என்று சொன்னால் யார் மறுப்பது? கசினோவில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அரசாங்கப் பதிவு ஒன்று உண்டு. அது பறிபோனால் அந்தக் கசினோவில் மட்டுமல்ல, மாகாணத்தில் எந்தக் கசினோவிலும் வேலை கிடையாது. விட்பியில் நாங்கள் வீடு வாங்கி இரண்டு வருடம் ஆகியிருக்கவில்லை. கணவர் வேலை செய்த இடம் அந்த வசந்தத்தில்தான் மூடிக்கொண்டது. மகள் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். வீடு நின்றது என் சம்பளத்தில்.

அதற்குள் என் வாயில் ஒரு வசனம் தயாராகிவிட்டது. 'ஒரு டொலர் போட்டதால் பரிசு குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறார்.' கவனியுங்கள், அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் கவலைப்பட்டார்தான், பரிசு குறைந்ததுதான். மனேஜர் அட்டவணையைக் காட்டி விளக்கியிருப்பார், ஒரு இலவசச் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்திருப்பார், தில்லை அண்ணை பஸ் ஏறியிருப்பார். அந்த வசனம் என் நாக்கு நுனிவரை வந்தது. மனேஜர் பேனையை எடுக்கட்டும் என்று பொறுத்தேன். அந்த ஒரு விநாடி தாமதம்தான் என்னைக் காப்பாற்றியது. பெரிய நேர்மைக்காரி என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

"அவர் குற்றம் சொல்வது என்னைத்தான்" என்றேன் மனேஜரிடம். "நான் மொழிபெயர்ப்பது சரியில்லை. வேறு ஆளைக் கூப்பிடுங்கள்."

அவருடைய புருவம் ஏறியது. ஒன்றும் கேட்காமல் தொலைபேசியில் மொழிபெயர்ப்புச் சேவையை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். ஒரு பெண்குரல் தமிழில் வணக்கம் சொன்னது. தில்லை அண்ணை தொலைபேசியை மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டார்.

"முகம் தெரியாத ஆளோடை நான் கதைக்க மாட்டன். உவ சொல்லட்டும். என்ரை முகத்துக்கு முன்னாலை உவவே சொல்லட்டும்."

இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. மனேஜர் தொலைபேசியை வைத்துவிட்டு ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினார். "சரி. நீங்களே செய்யுங்கள். பதிவாகிறது. ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்."

சொன்னேன். 'இந்தப் பெண்தான் என்னைக் குறைத்துப் போடச் சொன்னாள்' என்று என்னையே சுட்டி ஆங்கிலத்தில் சொன்னேன். 'மெசினுக்குள் என்ன வரப் போகிறது என்று இவளுக்குத் தெரியும்' என்றும் சொன்னேன். 'கொம்பனிக்குக் காசு மிச்சம் பிடிக்கத்தான் சொன்னாள், கள்ளி. எனக்கு நாலாயிரமும் வேண்டும்.' என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. மூலையில் நின்ற காவலர், என்னோடு எட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர், தரையைப் பார்த்தார்.

"இதில் எது உண்மை?" என்று கேட்டார் மனேஜர்.

"குறைக்கச் சொன்னது உண்மை. என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பது பொய்."

"நீங்கள் எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லுங்கள்."

நான் திரும்பினேன். "அண்ணை, குறைக்கச் சொன்னதை ஒத்துக்கொண்டிட்டன். அது என்ரை பிழை. ஆனால் என்ன வரும் எண்டு எனக்குச் சத்தியமாய்த் தெரியாது. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் முகத்தில் கோபம் இறங்கி, அந்த இடத்தில் வேறு ஏதோ வந்தது.

"தெரியாட்டி, பிறகேன் சொன்னனீர்?"

மனேஜர், "என்ன கேட்கிறார்?" என்றார். மொழிபெயர்த்தேன். "உங்கள் பதில்?" என்றார். அவருடைய காசு முடிவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். இரண்டிலும் அது பதிலாக இல்லை. என்னிடம் உள்ளே இருந்து வந்த செய்தி இருக்கிறது என்று நம்பித்தான் அவர் கேட்டார். நம் ஆட்களுக்கு இது பழக்கம். அரசாங்கக் கந்தோரில் ஒருவர் தெரிந்தவர், ஆஸ்பத்திரியில் ஒருவர் தெரிந்தவர், அவர் ஒரு சொல் சொன்னால் அது விஷயம் தெரிந்து சொல்வது. நான் அன்பில் சொன்னதை அவர் தகவலாக வாங்கிக்கொண்டார். நான் அண்ணை என்று கூப்பிட்ட அந்தக் கணத்திலேயே அப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனதற்கு எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

முறைப்பாடு எழுதப்பட்டது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். தில்லை அண்ணை பேனையைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"நான் உதிலை கையெழுத்து வைச்சால் உமக்கு என்ன நடக்கும்?"

அந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? 'வேலை போகும் அண்ணை. வீடு போகும்.' சொல்லியிருந்தால் அந்த மனிதர் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போயிருப்பார், எனக்கு நிச்சயம். நான் அவருக்குப் பதில் சொல்லாமல், கேள்வியை மனேஜரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மனேஜர் யோசிக்கவில்லை. "அது அவருடைய பாரம் இல்லை என்று சொல்லுங்கள். எழுதியிருப்பது நடந்ததென்றால் கையெழுத்து வைக்கட்டும்."

சொன்னேன். அவர் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

மெசினைத் திறந்து பரிசோதித்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. இருநூற்றைம்பதுக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று அவருக்குக் கடிதம் போனது. எனக்கு மூன்று கிழமை சம்பளமில்லாத இடைநிறுத்தம், பதிவில் ஓர் எச்சரிக்கை, இன்னொரு தரம் நடந்தால் பதிவே இல்லை. வேலை தப்பியது எப்படி என்று பின்னர் மனேஜரிடம் கேட்டேன். "உங்களைப் பற்றி நீங்களே மொழிபெயர்த்த ஒலிப்பதிவை மேலே அனுப்பினேன்" என்றார்.

அந்த மூன்று கிழமையில் நான் வெளியே தலைகாட்டியது குறைவு. ஒருநாள் அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடையில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப் போனார். "நீர்தானே கசினோவிலை வேலை? எந்த மெசின் எப்ப விழும் எண்டு உமக்குத் தெரியுமாம். எனக்கும் ஒருக்காச் சொல்லுமன், நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்." கத்தரிக்காயைக் கூடைக்குள் போட்டுக்கொண்டே சிரித்தேன். காருக்குள் ஏறியபின் அழுதேன்.

திரும்பி வேலைக்குப் போனபோது எனக்கு ஒரு கட்டளை இருந்தது. தில்லை அண்ணைக்குக் கிட்டப் போகக் கூடாது. அவருக்கு எதுவும் தேவையென்றால் வேறு ஆள் போக வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தேன். பஸ் இல்லாத நாட்களிலும் வரத் தொடங்கியிருந்தார். அதே மெசின், அதே கதிரை. இப்போது அவர் போடும் அளவு ஏறி இறங்கவில்லை. ஒவ்வொரு கைக்கும் ஐந்து. தோற்றாலும் ஐந்து, வென்றாலும் ஐந்து. நான் குறைக்கச் சொன்ன நாளுக்குப் பிறகு அந்த மனிதர் ஒருபோதும் குறைக்கவில்லை. போன நாலாயிரம் திரும்ப வரும் என்று காத்திருந்தார்.

இதை நீங்கள் மறக்கக் கூடாது. என் தண்டனை மூன்று கிழமையில் முடிந்துவிட்டது, அவருடையது அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நான் இரண்டு தரம் அறிக்கை எழுதினேன். பொறுப்பான அதிகாரி, இளம் பையன், நல்லவன், போய்ப் பேசிப் பார்த்தான். தில்லை அண்ணை கையை ஆட்டி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு நாளும் அவரைக் கடக்கும்போது, போய் முழங்காலில் நின்றாவது நிறுத்துங்கோ அண்ணை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அது மறுபடியும் அதே நாலு சொல்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அந்த மாதங்களைப் போலப் பயந்து நான் வேலை செய்ததில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், பனி கொட்டிக்கொண்டிருந்த காலை, வோக்கிடோக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள். தகவல் மேசைக்குத் தமிழ் பேசும் ஆள் வேண்டுமாம். யார் என்று கேட்டேன். சொன்னார்கள். எனக்கு அனுமதி இல்லை, தொலைபேசிச் சேவையை எடுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் மனேஜரே கூப்பிட்டார். "தொலைபேசி வேண்டாமாம். நீங்கள்தான் வேண்டுமாம். நான் அனுமதிக்கிறேன், போங்கள்."

தகவல் மேசைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் தில்லை அண்ணை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மெலிந்துவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அந்த இளம் அதிகாரி, முன்னால் ஒரு படிவம். என்னைக் கண்டதும் அண்ணை சுகம் கேட்கவில்லை.

"என்னை இனி உள்ளுக்கை விட வேண்டாம் எண்டு எழுதச் சொல்லும். நான் வந்து கெஞ்சினாலும் விட வேண்டாம். மனிசிக்கு இன்னும் தெரியாது. தெரிய முன்னம் மறிச்சு விடுங்கோ."

மொழிபெயர்த்தேன். அதிகாரி விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். படம் எடுத்து வைப்போம், மீறி வந்தால் வெளியே அனுப்புவோம், இடையில் மனம் மாறினால் மாற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் அவர் "ஓம்" என்றார். நான் ஒவ்வொரு ஓமையும் அந்தப் பக்கம் கொடுத்தேன். ஒரு சொல் பிழைத்தாலும் அவர் எழும்பிப் போய்விடுவாரோ, கதிரை இழுபடும் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயம்.

கடைசியில் படிவத்தில் ஒரு கேள்வி. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை மறுத்ததற்குக் காரணம் என்ன? அதிகாரி கேட்டான். நான் தமிழில் கேட்டேன்.

தில்லை அண்ணை என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்துச் சொன்னார். "உவ அண்டைக்குத் தன்ரை வேலை போகக்கூடிய கதையை, என்ரை வாயிலை இருந்து வந்தபடி, ஒரு சொல்லும் மாத்தாமல் அந்த மனேஜருக்குச் சொன்னவ. நான் உவவைக் கள்ளி எண்டன். அதையும் சொன்னவ. உவவின்ரை வாயை நம்பித்தான் நான் இண்டைக்கு வந்தனான்."

அதிகாரி என்னைப் பார்த்தான். பேனை காத்திருந்தது. என்னைப் பற்றிய அந்தக் கதையை என் வாயால் எப்படிச் சொல்வது?

"நான் பக்கத்தில் இருந்தால் அவருக்கு வசதியாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவன் எழுதத் தொடங்கினான். தில்லை அண்ணை கையை நீட்டிப் படிவத்தின் மேல் வைத்து அவனை நிறுத்தினார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, முக்காவாசியை விழுங்கிப்போட்டீர். இந்த நாட்டிலை முப்பத்திரண்டு வரியம் ஃபக்டரியிலை நிண்டனான். எனக்குக் கதைக்கத்தான் வராது. அண்டைக்கு நீர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கினது. இதையும் முழுக்கச் சொல்லும்."

முழுக்கச் சொன்னேன்.